பாக்கியும் ஜப்தியும்

'ஜப்தி' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கும் மனத்தில் ஒரு காட்சி எழும். வாசலில் அதிகாரிகள் நிற்பர், அண்டாவும் குண்டாவும் தெருவுக்கு வரும், தமுக்கு முழங்கும், அண்டை வீட்டார் திண்ணையில் நின்று வேடிக்கை பார்ப்பர். கதைகளும் திரைப்படங்களும் இக்காட்சியை நம் உள்ளத்தில் நிலைநிறுத்திவிட்டன. ஆனால், அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய பணம் சேராதபோது உண்மையில் நடப்பது என்ன? கேட்பவர் யார்? எந்தச் சட்டத்தின் பேரில் கேட்கிறார்? எந்த இடத்தில் அவர் நின்றுகொள்ள வேண்டும்? இவற்றையே இன்று மாணவர்களாகிய உங்களுக்கு விளக்க விரும்புகிறேன். ஒரு வீட்டுக்கு வசூல் நோட்டீஸ் வந்தால், பெரும்பாலும் அதைப் படித்துச் சொல்லும்படி அழைக்கப்படுவது அவ்வீட்டில் படிக்கும் பிள்ளைதான். ஆதலால் இப்பொருள் உங்களுக்குத் தொலைவில் உள்ளதன்று.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். நான் ஒருவருக்குக் கடன் கொடுக்கிறேன். அவர் திருப்பித் தரவில்லை. நான் என்ன செய்ய முடியும்? நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். தீர்ப்புப் பெற்று, அதை நிறைவேற்றித் தரும்படி மீண்டும் மனுக் கொடுக்கலாம். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அரசாங்கத்துக்குரிய நிலவரியோ அவ்வாறு காத்திருப்பதற்கு உரியதன்று என்று பழங்காலந்தொட்டே ஆட்சியாளர் கருதிவந்தனர். ஏரிக்கரையை அடைப்பதும், சாலையைச் செப்பனிடுவதும், ஊழியர்க்குச் சம்பளம் கொடுப்பதும் அவ்வாண்டு வசூலைக் கொண்டே நடைபெற வேண்டும். ஆகவே, நீதிமன்றத்தை நாடாமல் வருவாய்த் துறை அதிகாரியே நேரடியாக வசூலிக்கும் அதிகாரம் சட்டத்தால் தரப்பட்டது. கேட்பவரும் அரசாங்கம், வசூலிப்பவரும் அரசாங்கம் என்ற இந்த நிலைமை ஆபத்தானது. இந்த ஆபத்தை எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பதே இவ்வரலாறு முழுவதிலும் நாம் காணும் கேள்வி.

வரலாறு மிகப் பழமையானது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த உக்கல் என்னும் ஊரில், முதலாம் இராசராச சோழனின் 24ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. காலம் ஏறத்தாழ கி.பி. 1009. இரண்டு ஆண்டுகள் முழுமையாக வரி செலுத்தாதவர்களுடைய நிலத்தை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்னும் அரசாணையை அது கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'தவணை கடந்தால் நிலம் விற்பனைக்கு வரும்' என்ற விதி இருந்தது என்பதை இதனால் அறிகிறோம். விற்கும் உரிமை ஊராரிடம் கொடுக்கப்பட்டிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சி வந்தது. சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறை நிலைபெற்றது. ஒவ்வொரு குடியானவரும் தம் நிலத்துக்குரிய தீர்வையை நேரடியாகச் சர்க்காருக்குச் செலுத்த வேண்டியவரானார். செலுத்த இயலாதவர் பட்ட பாட்டை 1855ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அறிக்கை எடுத்துரைக்கிறது. சென்னை மாகாணத்தில் நடைபெற்ற சித்திரவதைகளைப் பற்றி விசாரித்த குழுவின் அறிக்கை அது. விரல்களை இடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி' என்னும் மரக்கருவியும், உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி நிறுத்தும் 'அண்ணாந்தாள்' என்னும் தண்டனையும் வரி வசூலுக்குப் பயன்பட்டன என்று அக்குழு கண்டது. சில ரூபாய் பாக்கிக்காக மனிதரை வெயிலில் வளைத்து நிறுத்திய காலம் அது.

அவ்வறிக்கை வந்த ஒன்பதாம் ஆண்டில், அதாவது 1864இல், சென்னை வருவாய் வசூல் சட்டம் பிறந்தது. 1864ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டம் என்று அதைக் குறிப்பிடுவர். பல திருத்தங்களுடன் இன்றும் தமிழ்நாட்டில் வழங்குவது அச்சட்டமே. அதைக் குடிமக்கள்மேல் ஓங்கிய கோல் என்று மட்டும் எண்ணுவது பொருந்தாது. வசூலிப்பவரின் கையைக் கட்டும் கயிறும் அதுவே. இதையே நான் இப்பேச்சில் சிறப்பாக வலியுறுத்த விரும்புகிறேன். அச்சட்டத்தின் படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

நிலமும், அதன்மேல் உள்ள கட்டடமும், அதில் விளைந்த பயிரும் நிலவரிக்கு ஈடு என்று சட்டம் முதலில் கூறுகிறது. குறித்த நாளில் கிஸ்தி கட்டப்படாவிட்டால் அத்தொகை நிலுவை ஆகிறது. நிலுவையை மூன்று வழிகளில் வசூலிக்கலாம்: அசையும் பொருளை ஜப்தி செய்து விற்றல், அசையாப் பொருளை ஜப்தி செய்து விற்றல், பாக்கிதாரரையே கைது செய்தல்.

அசையும் பொருளை ஜப்தி செய்யப் போகும் அலுவலர், எவ்வளவு பாக்கி என்பதை எழுத்தில் காட்டிக் கேட்க வேண்டும். சூரியன் உதித்த பின்பும் மறைவதற்கு முன்பும்தான் ஜப்தி செய்யலாம். இரவில் கதவைத் தட்டும் அதிகாரம் எவருக்கும் இல்லை. தொழுவத்தையும் களஞ்சியத்தையும் திறக்கலாம். ஆனால் வீட்டில் பெண்கள் தங்குவதற்கென்று ஒதுக்கிய அறையை உடைத்துக்கொண்டு நுழைதல் கூடாது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட இவ்விதிகளைப் படிக்கும்போது, எவற்றைத் தடுக்க வேண்டியிருந்தது என்பதும் நமக்குப் புரிந்துவிடுகிறது.

நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவருவதானால், படிகள் இன்னும் அதிகம். முதலில் எழுத்து மூலமான கேட்பு அறிவிப்பு. அதன் பின்பும் பணம் வராவிட்டால் ஜப்தி அறிவிப்பு. அதை நிலத்தில் ஒட்ட வேண்டும், ஊரறியத் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும், மாவட்ட அரசிதழில் வெளியிட வேண்டும். அதன் பின் ஏல அறிவிப்பு. ஏலத்துக்கு ஒரு மாதமேனும் முன்னதாக அது வெளிவர வேண்டும். தமுக்கடிக்கும் வழக்கத்தைப் பற்றி இங்கு ஒன்று கூறலாம். 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு தண்டோராவைக் கைவிட்டு ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. செய்தி ஊரை எட்ட வேண்டுமென்பதே சட்டத்தின் நோக்கம். அதற்காக ஒருவர் தெருத்தெருவாகப் பறையடித்துத் தாழ்ந்து நிற்க வேண்டுமென்பதில்லை.

ஏல நாளுக்கு முந்திய நாள் சூரியன் மறைவதற்குள் பாக்கியையும் வட்டியையும் செலவையும் கட்டிவிட்டால் ஏலம் நின்றுவிடும். பாக்கிதாரர்தாம் கட்ட வேண்டுமென்பதில்லை. அந்நிலத்தில் உரிமை உடைய வேறொருவரும் கட்டலாம். ஏலம் நடந்த பின்பும் கதவு அடைபடுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு நிலம் 2,00,000 ரூபாய்க்கு ஏலம் போகிறது என்று கொள்வோம். ஏலம் எடுத்தவர் நூற்றுக்குப் பதினைந்து வீதம் 30,000 ரூபாயை உடனே கட்ட வேண்டும். எஞ்சியதை 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். இந்த 30 நாட்களுக்குள், நிலத்தை இழந்தவர் அறிவிப்பில் கண்ட பாக்கியோடு, ஏலத் தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம், அதாவது 10,000 ரூபாயை, ஏலம் எடுத்தவருக்காகக் கட்டி ஏலத்தை நீக்கிக்கொள்ளலாம். ஏலம் நடத்திய முறையில் பெரும் பிழை இருந்து, அதனால் தமக்கு நட்டம் நேர்ந்ததென்றும் மனுச் செய்யலாம். பாக்கிக்குப் போதுமான பகுதியை மட்டும் விற்க வேண்டும், இயன்றவரை அதற்கு மேல் விற்கலாகாது என்றும் சட்டம் சொல்கிறது. ஐந்து ஏக்கர் உடையவரின் சிறு பாக்கிக்கு ஐந்து ஏக்கரையும் ஏலம் கூறுவது சட்டத்தின் கருத்துக்கு மாறானது.

மூன்றாவது வழி கைது. இது கடைசிப் படி. சொத்தை விற்றும் பாக்கி தீரவில்லை என்ற நிலை இருக்க வேண்டும். அதற்கு மேல், பாக்கிதாரர் வேண்டுமென்றே பணத்தைக் கொடாமல் இருக்கிறார், அல்லது ஏமாற்றித் தப்ப முயல்கிறார் என்று கலெக்டர் நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். காவலுக்கு உச்சவரம்பு இரண்டு ஆண்டு. பாக்கி 500 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் ஆறு மாதம். 50 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மூன்று மாதம். சிறையில் இருந்ததனால் கடன் தீர்ந்துவிடுவதும் இல்லை. 1957ஆம் ஆண்டில் மலபார்க் கலெக்டர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லுமென்று தீர்ப்பளித்தது. இது குற்றத்துக்குத் தண்டனையன்று, வசூலுக்குரிய ஒரு வழி என்பது அதன் விளக்கம்.

ஆயினும் 1980இல் வேறொரு வழக்கில், நீதிமன்றத் தீர்ப்புக் கடனுக்காகச் சிறைப்படுத்துவதைப் பற்றி நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் ஆழ்ந்த கருத்தொன்றை நிலைநாட்டினார். பணம் இல்லாமையால் கொடுக்க இயலாதவரைச் சிறையில் அடைப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குப் பொருந்தாது. கையில் பணமிருந்தும் தீய நோக்கத்தோடு மறுப்பவர் வேறு, வறுமையால் கையை விரிப்பவர் வேறு என்பதே அக்கருத்து. இயலாதவர், இசையாதவர் என்னும் இவ்விருவரையும் பிரித்தறிவதே வசூல் அதிகாரியின் முதற் கடமை என்று நான் கருதுகிறேன்.

இனி, இச்சட்டம் நிலவரிக்கு மட்டும் உரியதா என்று நீங்கள் கேட்கலாம். இன்று தீர்வைத் தொகை சிறியது. ஆனால் அதற்கென்று வெட்டிய வாய்க்காலில் வேறு பல நீர்களும் பாய்கின்றன. பல சட்டங்களில் 'நிலவரி நிலுவை போல வசூலிக்கத் தக்கது' என்னும் ஒரு தொடர் வரும். அத்தொடர் எங்கே வந்தாலும், தாலுகா அலுவலகம் அங்கே வந்துவிடுகிறது. 1883, 1884ஆம் ஆண்டுகளின் சட்டங்களின்படி கிணறு வெட்டவும், விதையும் மாடும் வாங்கவும் அரசாங்கம் கொடுத்த தக்காவிக் கடன்கள் இவ்வழியிலேயே வசூலாயின. 2017ஆம் ஆண்டின் சரக்கு சேவை வரிச் சட்டமும், வரிப் பாக்கிக்கு மாவட்டக் கலெக்டருக்குச் சான்று அனுப்பி வசூலிக்க வழி செய்கிறது.

இன்னும் ஒருபடி மேலே சென்று பாருங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் நட்ட ஈடு விதிக்கிறது; கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லையானால், தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பலாம்; கலெக்டர் அதை நிலவரி நிலுவை போல வசூலித்துத் தர வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டிய பாக்கிக்கும் இவ்வழியையே வகுத்தது. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்தவருக்குச் சேரவேண்டிய வட்டிக்கும் நட்ட ஈட்டுக்கும் இதே வழியைக் காட்டுகிறது. ஆகவே, ஜப்தி நோட்டீஸின் மறுபுறத்தில் நிற்பது எப்போதும் கஜானா மட்டுமன்று. கணவனை இழந்த ஒரு பெண்ணும், மூடிய ஆலையின் தொழிலாளியும் அங்கே காத்து நிற்கலாம். தாலுகா அலுவலகத்தில் ஒரு கோப்பு உறங்கினால், அவர்கள் வீட்டில் அடுப்பு உறங்கும்.

பாக்கிதாரர் வேறு மாவட்டத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ சென்றுவிட்டால் என்ன செய்வது? அதற்கு 1890ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் இருக்கிறது. இது இந்திய அளவிலானது. திருநெல்வேலிக் கலெக்டர் ஒரு சான்று எழுதி நாகபுரிக் கலெக்டருக்கு அனுப்பினால், அவர் அதைத் தம் மாவட்டத்துப் பாக்கி போலவே கருதி வசூலித்து அனுப்ப வேண்டும். தொகை தவறு என்று கருதுகிறவர், 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டு, அதைத் திரும்பப் பெற வழக்குத் தொடுக்கலாம். மாநிலந்தோறும் முறை சற்று மாறுபடும். வங்காளத்தில் 1913ஆம் ஆண்டிலும், பீகார் ஒரிசாவில் 1914ஆம் ஆண்டிலும் பொதுக் கேட்புத் தொகைகளை வசூலிப்பதற்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அங்கே சான்று அலுவலர் என்னும் பதவியுடையவர் ஆட்சேபங்களைக் கேட்டு முடிவு செய்வார்.

நகராட்சிகளும் ஊராட்சிகளும் தங்கள் வீட்டு வரியைத் தாங்களே வசூலிக்கும் அதிகாரம் பெற்றவை. கேட்பு அறிவிப்பு, அவகாசம், அதன்பின் ஜப்தி என்ற வரிசை அங்கும் உண்டு. ஆனால் சில சமயங்களில் சட்டத்தின் வரிசையை விட்டு வெட்கத்தை ஆயுதமாகக் கொள்ள முயல்வதும் உண்டு. 2006ஆம் ஆண்டில் பாட்னா மாநகராட்சி, திருநங்கையரை அமர்த்தி, வரி செலுத்தாத கடைகளின் முன்னே ஆடிப்பாடி வசூலிக்கச் செய்தது. அவர்களுக்கு ஒரு வருவாய் கிடைத்தது என்று சிலர் அதைப் பாராட்டினர். எனக்கோ அதில் உடன்பாடில்லை. ஒரு பிரிவினரைச் சமூகம் இழிவாகக் காண்கிறது என்பதையே கருவியாக்கி இன்னொருவரை இழிவுபடுத்துவது அரசாங்கத்துக்குரிய வழியன்று. அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவ்வரியும் விதிக்கலாகாது என்பதோடு நில்லாமல், வசூலிக்கவும் கூடாது என்கிறது. வசூலிக்கும் முறைக்கும் சட்டம் வேண்டும்.

இவ்வளவும் ஏட்டில் உள்ளவை. நடைமுறையில் இவற்றைச் செய்பவர் யார்? 1980ஆம் ஆண்டு வரையில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் இருந்தனர். அவ்வாண்டில் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர். அவருக்கு மேலே தாசில்தார். ஜூலை முதல் நாள் தொடங்கும் பசலி ஆண்டில், கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று மூன்று பத்தி கொண்ட கணக்கு ஊர்தோறும் எழுதப்படுகிறது. ஜமாபந்தியில் அது சரிபார்க்கப்படுகிறது. பாக்கிதாரருக்கு என்ன சொத்து இருக்கிறது, அது யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பட்டாவிலும் சிட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் இவர்களே.

இங்கேதான் முறையின் பெரிய குறை வெளிப்படுகிறது. சிறிய குடியானவரின் சொத்து கண்ணெதிரே இருக்கிறது. அவர் நிலம் ஊரறிந்தது. மாடு தொழுவத்தில் நிற்கிறது. பெரிய பாக்கிதாரரின் சொத்தோ மனைவி பெயரிலும் மைத்துனர் பெயரிலும், பல ஊர்களில் பல நிறுவனங்களின் பெயரிலும் பரவிக் கிடக்கிறது. அவருக்கு நோட்டீஸ் கொடுக்கச் சென்றால் வீட்டில் ஆள் இல்லை என்ற விடையே கிடைக்கும். வசூல் இலக்கை எட்ட வேண்டிய அலுவலர், எளிதில் கிடைப்பவரிடமே முதலில் செல்வது இயல்பு. இவ்வாறு ஆகுமானால், சட்டம் இசையாதவரை விட்டுவிட்டு இயலாதவரைப் பிடித்துக்கொள்ளும். இதைத் தடுப்பதற்கு மேலதிகாரியின் கண்காணிப்பு வேண்டும்; நோட்டீஸைப் படித்து, தன் உரிமையைக் கேட்கும் குடிமகனும் வேண்டும்.

இயலாதவர்க்கு வழி இல்லாமல் இல்லை. மழை பொய்த்துப் பயிர் சாவியாய்ப் போன ஆண்டுகளில் தீர்வை வஜா செய்வதும், வசூலைத் தள்ளிவைப்பதும் ரயத்துவாரிக் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். தவணை கேட்டு மனுக் கொடுக்கலாம். காலாவதியான கடனைப் பற்றியும் ஒரு பாதுகாப்பு உண்டு. கேரளத்தின் வருவாய் வசூல் சட்டத்தைப் பற்றிய வழக்கில், நீதிமன்றத்தில் கேட்க முடியாதவாறு காலம் கடந்துபோன கடனை வருவாய் வசூல் வழியாகக் கேட்க முடியாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, ஒரு நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்? அச்சத்தால் அதை வாங்க மறுப்பதும், உத்தரத்தில் செருகி மறந்துவிடுவதும் பெருந்தவறு. கதவில் ஒட்டினாலும் அது சேர்ந்ததாகவே கொள்ளப்படலாம். நாட்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் நான்கு விவரங்களைப் பாருங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தக் கணக்கில் எவ்வளவு தொகை, எந்த அலுவலகத்தின் சான்றின் பேரில், எந்த நாளுக்குள். தொகையில் தவறிருந்தால், சான்று அனுப்பிய அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஏனெனில், தாசில்தார் பெரும்பாலும் வசூலிக்கும் கையே அன்றிக் கணக்கைத் தீர்க்கும் நீதிபதி அல்லர். அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது பெறாமல் திரும்பாதீர்கள். தவணை வேண்டுமானால் எழுத்தில் கேளுங்கள்; மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

கொடுக்க வல்லவர் கொடாதிருந்தால் அதன் சுமை அடுத்த வீட்டார்மேல் விழும். ஆதலால் வசூல் வேண்டியதே. அது பகலில், எழுத்தில், வரிசை தவறாமல், வேண்டிய அளவுக்கு மட்டும் நடைபெற வேண்டும் என்பதே கிட்டியும் அண்ணாந்தாளும் கண்ட இந்நாடு கற்றுக்கொண்ட பாடம். உங்களில் சிலர் நாளை தாசில்தார்களாகவும் கலெக்டர்களாகவும் அமரக்கூடும். நிலுவைக் கணக்கில் கையொப்பம் இடுமுன், அந்தப் பட்டியலில் இயலாதவர் யார், இசையாதவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.